கம்ப்ரெஷன்: சுருக்கமா, ஒடுக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

காது கேட்கும் கருவிகளை ஒப்பிடும் கட்டுரையில் 'கம்ப்ரெஷன்' வரும் இடமெல்லாம் 'சுருக்கம்' என்று போட்டிருக்கிறோம். எனக்கு அது உறுத்துகிறது. கோப்பைச் சுருக்கினால் அது பிடிக்கும் இடம் குறையும். இங்கே நடப்பது வேறு.

எங்கள் பெரியம்மாவிடம் மெதுவாகப் பேசினால் காதில் விழாது. கொஞ்சம் குரலை உயர்த்தினால், "ஏன்டா கத்துறே, நான் என்ன செவிடா?" என்பார். உட்செவி பழுதானவர்கள் பலருக்கு இதே பாடுதான். மெல்லொலி தொலைந்துவிடும், வல்லொலி மட்டும் பழையபடி காதைத் துளைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி ஒடுங்கிவிடுகிறது. கருவியும் மெல்லொலியைக் கூடுதலாகவும் வல்லொலியைக் குறைவாகவும் பெருக்கி, எல்லாவற்றையும் அந்த ஒடுக்கமான சந்துக்குள் கொண்டுவருகிறது. ஆகவே 'ஒடுக்கம்' என்பேன். 'அமுக்கம்' இலங்கையில் அழுத்தத்துக்கு வழங்கும் சொல், அதைத் தொட வேண்டாம். ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வரட்டும், 'ஒடுக்கமான படிக்கட்டு' என்னும்போது யாரும் போராட்டத்தை நினைப்பதில்லை.

கருவிக்குள் இருக்கும் மின்சுற்றில் மூன்று வகையைப் பார்ப்போம்; அவற்றில் இரண்டின் பெயர் இதிலிருந்தே கிளைக்கும். எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கி, எல்லை மீறியதைக் கத்தரிக்கும் பழைய சுற்று 'முகடுவெட்டு'. வெட்டுப்பட்ட ஒலி கரகரக்கும். உச்சத்துக்கு அருகில் மட்டும் ஒடுக்குவது 'உச்ச ஒடுக்கம்'. மெல்லொலி தொடங்கி ஒடுக்குவது 'முழுவீச்சு ஒடுக்கம்'.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 360 பேர் இந்த மூன்று வகைச் சுற்றுள்ள கருவிகளையும் மும்மூன்று மாதம் அணிந்து பார்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. மூன்றுமே பயன் தந்தன. உச்ச ஒடுக்கத்தை முதலிடத்தில் வைத்தவர்கள் 41.6 விழுக்காடு. முழுவீச்சு ஒடுக்கத்துக்கு 29.8, பழைய முகடுவெட்டுக்கு 28.6. நுட்பம் கூடிய முழுவீச்சு ஒடுக்கமே எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை! காசு கொடுத்து வாங்குபவருக்கு இது தெரிய வேண்டிய செய்தி. இரண்டு ஒடுக்கத்தையும் 'சுருக்கம்' என்று பொதுவாக எழுதிவிட்டால், அது எப்படி அவருக்குப் புரியும்?

அப்புறம், 'சேனல்'. கடையில் விலை சொல்வதே 'எட்டு சேனல், பதினாறு சேனல்' என்றுதான். 'அலைவரிசை'யைத் தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கருவி ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே கையாள்வதால் 'பட்டை' எனலாமா? எனக்கு முழு நிறைவு இல்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.