ஹூட் இழுத்த புகை எங்கே போனது?

செங்காங்வாசி:

சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீட்டுக்குக் குடிவந்தபோது, அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட் மாட்டிய கான்ட்ராக்டர், அதன் குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக் கொடுத்தார். வேலை சுத்தம் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். ஆனால் காய்ந்த மிளகாய் தாளித்தால் ஹாலில் இருப்பவர்வரை இருமல். "சத்தம்தான்டா இழுக்குது, புகையை இழுக்கல" என்பார் அம்மா.

எட்டாவது மாதம் சீலிங் விளக்கின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கியது. மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு என்று நினைத்து, மேல்வீட்டுக்காரரிடம் போய்க் கத்தியும் விட்டேன். அப்புறம் விரலால் தொட்டால் பிசுக்கு. தேன் நிறம், பழைய வடை எண்ணெய் வாடை. விளக்கைக் கழற்றிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன்: மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய், சன்னலுக்கு ஒரு முழம் முன்னாலேயே வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தது. எட்டு மாதப் புகையும் எங்கள் தலைக்கு மேலேதான்! கரப்பான்களுக்கு விருந்து.

கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, "வெளிச்சுவரை உடைக்க வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விடாது அண்ணே" என்றார். சரி, அதற்காகக் குழாயைப் பாதியில் விடுவதா? கரி வடிகட்டி வைத்துக் காற்றை வீட்டுக்குள்ளேயே சுற்றவிடும் ஹூட் இருக்கிறது. அது வாடையை ஓரளவு பிடிக்கும், நீராவியையும் சூட்டையும் பிடிக்காது. நம் சமையலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கட்டட, கட்டுமான ஆணையத்தில் பதிவுபெற்ற சன்னல்காரரை அழைத்தேன். மேல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அலுமினியத் தகடு பொருத்தி, அதில் வட்டமாக வெட்டிக் குழாயை வெளியே விட்டார். தொய்வையும் இரண்டு வளைவுகளையும் காட்டி, "இப்படி இருந்தால் எந்த ஹூட்டும் திணறும்" என்றார். ஒரே வளைவோடு இழுத்துக் கட்டி, வெளிக்காற்று திரும்பி வராதபடி முனையில் மடல் வைத்தார்.

ஜூரோங் அக்கா:

நீங்களாவது பரவாயில்லை தம்பி. பழைய துணி உலர்த்தி ஒன்று மலிவாகக் கிடைத்தது. சூடான ஈரக் காற்றை வெளியே ஊதும் ரகம். அதன் குழாயை என் வீட்டுக்காரர் பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறைக்குள், விட்டுவிட்டார்! ஒரு தடவை உலர்த்தினால் லிட்டர் கணக்கில் நீராவி. உள்ளேதான் என் கல்யாணப் பட்டு இருந்தது. ஜரிகை ஓரமெல்லாம் பூஞ்சை, மேலே மெல்லிய பஞ்சுத் தூசு. அந்தத் தூசு சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இப்போது குழாய், துணி துவைக்கும் இடமான சர்வீஸ் யார்ட் சன்னல் வழியே.

அது இருக்கட்டும், மேல்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா?

செங்காங்வாசி:

கேட்டேன் அக்கா. வடையோடு போனேன்.