பொருள்: வயது நியமப்படுத்திய வீதம் – புற்றுநோய் அட்டவணைக்கு ஒரு சொல்

அக்கரைப்பற்றிலிருந்து:

ஸலாம், வணக்கம். வாய்ப்புற்றுநோய் எண்ணிக்கைகளைத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பிரித்து அம்பாறை மாவட்டத்துக்கு ஒரு கையேடு தயாராகிறது. வயதைப் பாராமல் மொத்த நோயாளரை மொத்தச் சனத்தொகையால் வகுக்கிற வீதத்துக்கு “பருமட்டான வீதம்” என்ற சொல் இருக்கிறது. வயது வேறுபாட்டை நீக்கிக் கணிக்கிற வீதத்துக்கு “தரப்படுத்திய வீதம்”, “திருத்திய வீதம்” என இரண்டு சொற்கள் வரைவில் கிடக்கின்றன. எதை வைக்கலாம், சேர்?

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, இரண்டும் வேண்டாம். “தரப்படுத்தல்” என்றதும் நம்மட சனத்துக்கு, மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றிய எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதிதான் நினைவுக்கு வரும். மூன்று இனங்களின் அட்டவணையில் அந்தச் சொல் நின்றால், தரம் பிரித்திருக்கிறார்கள் என்றே வாசிப்பார்கள். “திருத்திய” என்றால் பதிவேட்டில் பிழை இருந்ததாக ஆகிவிடும். பதிவில் பிழையில்லை, ஒப்பிடுகிற சனத்தொகைகளின் வயதமைப்புத்தான் வேறு.

உயர்தரத்தில் “நியம விலகல்” (standard deviation) படித்தவர்களுக்கு நியமம் பழகிய சொல். அதனால் “வயது நியமப்படுத்திய வீதம்” என்பது என் முன்மொழிவு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் பொருத்தம் தெரியும்.

ஒப்பிடுவதற்குப் பொது அளவுகோலாக, ஆய்வாளர் சேகி 1960இல் அமைத்து, டோல் 1966இல் மாற்றியமைத்த உலக நியமச் சனத்தொகையில் ஒரு இலட்சம் பேர். 40 வயதுக்குக் கீழ் 68,000, 40–59 வயதில் 21,000, 60உம் அதற்கு மேலும் 11,000. இனி, விளக்கத்துக்காக மட்டும் சில எண்கள். இரண்டு சமூகங்களிலும் நோய் வீதம் ஒன்றேதான் என்று வைப்போம்: அந்த மூன்று வயதுப் பிரிவிலும் முறையே இலட்சத்துக்கு 1, 20, 80. முதல் சமூகத்தின் வயதுப் பங்கு 60, 25, 15 சதவீதம். அதன் பருமட்டான வீதம் 0.6 + 5 + 12 = 17.6. இரண்டாவது இளைய சமூகம், பங்கு 74, 18, 8. அதற்கு 0.74 + 3.6 + 6.4 = 10.7 வரும். ஒரே ஆபத்துள்ள இரண்டு சமூகங்களுக்கிடையில் இவ்வளவு வித்தியாசம்! நியமச் சனத்தொகையின் பங்குகளால் பெருக்கினால் இரண்டுக்கும் 0.68 + 4.2 + 8.8 = 13.7தான். கையேட்டுக்கு இந்த மூன்று பிரிவு போதாது. ஐந்தைந்து வயதாக 18 பிரிவு எடுத்து, ஆண் பெண் வேறாகக் கணிக்க வேண்டும்.

அம்பாறையில் இதை விடவே ஏலாது. 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கு சோனகர் ஏறத்தாழ 43 சதவீதம், சிங்களவர் 39, இலங்கைத் தமிழர் 17. முஸ்லிம்களில் இளையோர் பங்கு சிங்களவரை விடக் கூட. பருமட்டான வீதத்தை அப்படியே அச்சிட்டால், முஸ்லிம்களுக்கு ஆபத்துக் குறைவு என்ற பிழையான ஆறுதல் போய்ச் சேரும்.

இன்னும் இரண்டு விடயம். கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறுகிற கல்முனைக்காரர் அம்பாறைக் கணக்கில்தான் வரவேண்டும். தொகுதியெண்ணில் (நோயாளர்) அவர் விடுபட்டு, பகுதியெண்ணில் (சனத்தொகை) மட்டும் நின்றால் எந்த நியமப்படுத்தலும் காப்பாற்றாது. பறங்கியர் போன்ற சிறிய சமூகத்துக்கு ஐந்து வருடத்தைச் சேர்த்துப் போடுங்கள். ஒரு வருடத்தில் 4 பேர் என்றால் 95 சதவீத நம்பிக்கை எல்லை (உண்மை அளவு இருக்கக்கூடிய வீச்சு) ஏறத்தாழ 1இலிருந்து 10 வரை விரியும். அதை வைத்து எதையும் சொல்லக்கூடாது.

சென்னையிலிருந்து:

வீதத்தை நாங்கள் “விகிதம்” என்போம். அதையே வைத்தால் என்ன? தலைப்பும் நீளமாக இருக்கிறது, “நியம வீதம்” போதாதா?

மட்டக்களப்பிலிருந்து:

விகிதம் வேறு இடத்துக்குத் தேவை ஐயா. எண்ணிக்கை குறைவான இடங்களில் மறைமுக முறையில், பதிவான நோயாளர் எண்ணிக்கையை, பொதுவான வயதுவாரி வீதங்கள் அங்கும் இருந்தால் எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையால் வகுக்கிறோம். அது “நியமப்படுத்திய நிகழ்வு விகிதம்”. ஒன்று இலட்சத்துக்கு எத்தனை பேர் என்று வருவது, மற்றது அலகில்லாத எண். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் அட்டவணையே குழம்பிவிடும்.

“வயது” என்பதை எடுக்கவே கூடாது. இந்தக் கணக்கு வயதை மட்டுந்தான் சமப்படுத்துகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுவது, சிகரெட், நோய் முற்றிக் கிளினிக்குக்கு வருவது எல்லாம் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. “நியம வீதம்” என்று மொட்டையாகப் போட்டால், மிச்சமிருக்கிற வேறுபாட்டை இரத்தத்தில் ஊறியதாக எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானிலிருந்து ஹவாய் போனவர்களின் சந்ததியில் வயிற்றுப் புற்றுநோய் குறைந்து குடற்புற்றுநோய் கூடியது. இனம் மாறவில்லை, வாழ்க்கைதான் மாறியது.

அக்கரைப்பற்றிலிருந்து:

சரி சேர். தலைப்பில் “வயது நியமப்படுத்திய வீதம் (இலட்சம் பேருக்கு)”, அடியில் எந்த நியமச் சனத்தொகை என்பதும் ஆண்டும். பருமட்டான வீதத்தையும் நோயாளர் எண்ணிக்கையையும் பக்கத்து நிரல்களில் விடுகிறேன். படுக்கைகளும் மருந்தும் திட்டமிடுகிறவர்களுக்கு அந்த எண்கள்தான் தேவைப்படும்.