எழுத்தின் ஓரம் காணாமற்போகும் வழுவுக்கு ‘விளிம்பிழப்பு’ என்ற சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மென்பொருளின் உரையாடல் பெட்டிகளில் (செய்தி காட்டவும் விவரம் கேட்கவும் திரையில் எழும் சிறு சாளரங்களில்) தமிழ் எழுத்து முழுமையாகத் தெரியாத வழுவைத் ‘துண்டிப்பு’ என்று குறிக்கலாம் என ஐயா முன்வைத்ததை ஏற்கத் தயங்குகிறேன். ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்ற செய்தி நம் மென்பொருள்களில் முன்பே வேரூன்றிவிட்டது. ‘வெட்டு’ என்பதும் தொகுத்தல் பட்டியலில் (‘வெட்டு, நகலெடு, ஒட்டு’ என வரும் இடத்தில்) வேறு வேலைக்குப் போய்விட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல், வெவ்வேறு திருத்தங்களை வேண்டும் மூன்று நிலைகளை ஒரே சொல்லுக்குள் அடைப்பது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வணிகர்களுக்கென ஒரு கணக்கு மென்பொருளைத் தமிழாக்குவதாகக் கொள்வோம். முதலாவது: ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’ (Stock) என ஐந்தெழுத்தில் முடிந்த சொல், ‘பதனிட்ட தோல் இருப்பு’ என நீளும். கியூடி (Qt) என்னும் இடைமுகக் கருவித்தொகுப்பில் அட்டவணைக் காட்சி, கட்டத்துக்குள் இடம் போதாதபோது தானாகவே முப்புள்ளி (…) இட்டுச் சுருக்கும். அது வடிவமைப்பாளர் எண்ணிச் செய்தது, எனவே ‘முப்புள்ளிச் சுருக்கம்’ போதும். இரண்டாவது: நிரலர் சரத்தை (எழுத்துத் தொடரை) இத்தனை குறியீடுகள் என எண்ணி நறுக்கும்போது, ‘கொ’ என்பது யுனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகளாய் இருப்பதால், வெறும் ‘க’ மிஞ்சக்கூடும். ஐயா சொன்ன ‘துண்டிப்பு’ இதற்கே பொருந்தும்.

மூன்றாவதுதான் நம்மை அதிகம் வருத்துவது. பெட்டியின் உயரம் பிக்சல் எண்ணால் பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது வரியின் உயரம் இலத்தீன் எழுத்துருவை வைத்துக் கணக்கிடப்பட்டு, தமிழ் எழுத்துகள் அதைவிட உயரமான மாற்று எழுத்துருவிலிருந்து வந்திருக்கலாம். சரம் முழுமையாகவே இருக்கும். எல்லைக்கு வெளியே விழும் பகுதி மட்டும் திரையில் வரையப்படாது. ஆங்கிலத்தில் மேலே இரண்டு பிக்சல் போனாலும் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழிலோ புள்ளியே மேல் ஓரத்தில் இருக்கிறது. ‘சேர்’ என்ற பொத்தான் ‘சேர’ என்றாகும், கீழே அறுபட்டால் ‘பு’ பகரமாகத் தோன்றும். இதற்குத்தான் ‘விளிம்பிழப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். தேவைப்படும் இடத்தில் மேல், கீழ், பக்கம் என முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

‘கத்தரிப்பு’ என்ற சொல் சிறியதாயிற்றே, அதையே வைத்துக்கொள்ளலாமே என்று காட்பாடி நண்பர் கேட்டிருந்தார். எல்லைக்கு வெளியே வரையாதிருப்பது கருவித்தொகுப்பு வேண்டுமென்றே செய்யும் வேலை. உருட்டுப் பட்டை உள்ள பெட்டி எதுவும் அதை நம்பியே இயங்குகிறது. ஆகவே அந்தச் செயலுக்குக் ‘கத்தரிப்பு’ இருக்கட்டும். அதனால் எழுத்துக்கு நேரும் கேட்டுக்கு வேறு பெயர் வேண்டும். பெயர் பிரிந்தால், அறிக்கையைப் படிப்பவர் பெட்டியை அகலமாக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் உயரக் கணக்கை நேராகத் தேடுவார். எழுத்தின் அளவைக் குறைத்து வழுவை மூடி மறைக்கும் பழக்கமும் (இதை நான் திருத்தமாகவே கருதுவதில்லை) ஓரளவு குறையும்.

வினையாக வரும்போது ‘விளிம்பிழந்தது’ சற்று இடறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘விளிம்பு இழந்துள்ளது’ எனப் பிரித்து எழுதுவதில் எவருக்கேனும் மறுப்பு இருந்தால், சொற்பட்டியலில் சேர்ப்பதற்கு முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

வேலூரிலிருந்து,
மொழியாக்கக் குழு உறுப்பினர்