ஏற்காட்டுல டென்ட் போட்டு கிளியூர் அருவியில குளிக்க அக்டோபர் சரியா வருமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம்ங்க. நாங்க பெரியவங்க அஞ்சு பேர், கூட அண்ணன் பொண்ணு, ஒன்பது வயசு. அக்டோபர் கடைசியில ரெண்டு நாள் ஏற்காட்டுல டென்ட் போட்டு தங்கலாம்னு இருக்கோம், தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட காப்பி எஸ்டேட்டுல இடம் தர்றேன்னு சொல்லியிருக்கார். போன மே மாசம் கிளியூர் போனப்ப வெறும் பாறைதான், ஒரு ஓரமா சொட்டிக்கிட்டு இருந்துச்சு, அதனால இந்த தடவை நல்லா தண்ணி விழறப்ப போகணும்னு ஆசை. கீழ தேங்கி நிக்கற இடத்துல நீந்தலாமா? பாப்பா கிணத்துல நல்லா நீந்துவா. கூட்டம் இல்லாத வேற அருவி பக்கத்துல இருந்தாலும் சொல்லுங்க.

மலைவாசி:
தம்பி, நான் ஏற்காட்டுலயே பொறந்து வளந்தவன். கிளியூருக்கு தண்ணி முக்கியமா நம்ம ஏரி நிரம்பி வழியறதுலதான் வருது, அதோட சுத்தியிருக்கற ஓடைங்களும் சேருது. ஏரிக்கும் அருவிக்கும் மூணு கிலோமீட்டர் போல இருக்கும். அதனால அருவிகிட்ட வெயில் அடிச்சாலும் மேல டவுன் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டினா போதும், தண்ணி இங்க வந்துரும். நானே பாத்திருக்கேன். பாறையில உக்காந்து கால நனைச்சுக்கிட்டு இருந்தோம், அடியில மணல் தெரியற அளவு தெளிவா இருந்துச்சு, திடீர்னு சில்வர் ஓக் இலையும் சின்ன சின்ன குச்சியும் மிதந்து வர ஆரம்பிச்சுது, அடுத்து தண்ணி டீ கலருக்கு மாறிருச்சு. விறகு பொறுக்க வந்த ஒரு பெரியவர் மேல இருந்து கத்தினார், ஏறிட்டோம். பத்து நிமிஷத்துல நாங்க உக்காந்திருந்த பாறையே கண்ணுக்கு தெரியல. இலை, குச்சி, கலங்கல், சத்தம் கூடறது, இதுல ஒண்ணு பாத்தாலும் செருப்ப கூட தேடாம மேல ஏறுங்க.

கீழ குட்டையில நீந்த வேண்டாம். கிணத்து தண்ணி ஒரே இடத்துல நிக்கும், இது இழுக்கும். முன்னூறு அடி உயரத்துல இருந்து விழற தண்ணி அடியில சுழல் போடும், பாறை இடுக்கு எங்க இருக்குன்னு தெரியாது, பாசி வேற. ஓரமா நின்னு தலைய நனைக்கறதோட நிறுத்திக்கோங்க, பாப்பாவ ஒருத்தர் கைய விடாம பிடிச்சுக்கணும்.

ஆத்தூர் அக்கா:
கூட்டம் இல்லாத அருவின்னு கேட்டு ரிசர்வ் காட்டுக்குள்ள போயிறாதீங்க, அனுமதி இல்லாம நுழைஞ்சா கேஸ் ஆகும். எங்க பக்கம் முட்டல் ஏரியும் ஆணைவாரி அருவியும் இருக்கு, வனத்துறை பாத்துக்கற இடம், டிக்கெட் வாங்கிட்டு போகலாம், வெள்ளம் வந்தா மூடிருவாங்க. ஆனா நீங்க சொல்ற அதே அக்டோபர்லதான், 2021ல, ஆணைவாரியில திடீர்னு வெள்ளம் வந்து ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் மறுகரை பாறையில மாட்டிக்கிட்டாங்க. கயிறு கட்டி மேல தூக்கினாங்க, காப்பாத்த போன ரெண்டு பேர் வழுக்கி தண்ணியில விழுந்து நீந்தி கரையேறினாங்க. அந்த வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க. குழந்தைய கூட்டிட்டு போறதால இத சொல்றேன், பயமுறுத்த இல்ல.

டார்வின் சேலத்தான்:
சூரமங்கலம் பையன், இப்ப ஆஸ்திரேலியாவுல டார்வின்ல இருக்கேன். இங்க லிட்ச்ஃபீல்டு காட்டுல வாங்கி அருவின்னு ஒண்ணு, அடியில பெரிய குளம், கேம்ப் போட்டு குளிக்கறதுக்குன்னே ஜனம் வரும். ஆனா மழைக்காலத்துல, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னு வெச்சுக்கோங்க, தண்ணி ஏறினா குளிக்க விட மாட்டாங்க. வேகம் ஒரு பக்கம், வெள்ளத்தோட முதலை ஏறி வர்றது இன்னொரு பக்கம். மழை முடிஞ்சு ரேஞ்சருங்க முதலை இல்லைன்னு பாத்த பிறகுதான் திறப்பாங்க. நம்ம மலையில முதலை இல்ல, ஆனா குளத்த இறங்கி பாத்து சொல்ற ஆளும் இல்ல, நீங்களேதான் பாக்கணும். அருவி ரொம்ப அழகா இருக்கற நாளும் ஆபத்தான நாளும் ஒண்ணுதான் அண்ணா, மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு போங்க.

அஸ்தம்பட்டிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டுல பேசி பொங்கல் லீவுக்கு மாத்திட்டோம், குட்டையில இறங்கறது இல்லன்னு பாப்பாகிட்டயும் சொல்லியாச்சு, கொஞ்ச நேரம் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தா. ஜனவரியில தண்ணி இருக்குமாங்க? ராத்திரி குளிர் எப்படி?

மலைவாசி:
வடகிழக்கு மழை நல்லா பெஞ்சு ஏரி நிரம்பியிருந்தா ஜனவரியிலயும் விழும், வெள்ளிக் கம்பி மாதிரி மெலிசா, பாப்பா நிக்கறதுக்கு அதுதான் சரி. குளிர் நல்லாவே இருக்கும், ஆளுக்கு ரெண்டு கம்பளி, டென்ட்டுக்கு அடியில தார்ப்பாய் கண்டிப்பா வேணும். இருட்டினதும் காப்பிச் செடிக்குள்ள நடக்காதீங்க, காட்டெருமை மேயும். கிளம்பறதுக்கு முந்தின நாள் இங்க ஒரு வரி போடுங்க, ஏரிய பாத்துட்டு வழியுதா இல்லையான்னு சொல்றேன்.