ஜனவரி 26 அன்று வேலை, கூலி மட்டும் பழைய கூலி: ஆய்வாளர் வாங்கித் தருவாரா?

நாகலூரான்:
அம்மா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 வந்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், கூலி கிடையாது. இந்த ஜனவரி 26 பழம் பறிக்கும் நேரம், அதனால் எல்லோரையும் வரச் சொன்னார்கள். அன்றைக்கும் வழக்கமான கூலிதான். கேட்டதற்கு, "தினக்கூலிக்கு ஏது விடுமுறைச் சம்பளம்?" என்று கணக்கப்பிள்ளை சிரித்தாராம். தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, பங்களாவில் காப்பி குடித்துவிட்டு இறங்குவதற்கா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்:
கணக்கப்பிள்ளை சொல்வது தவறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் கடை, ஆலை, தோட்டம் மூன்றுக்கும் பொருந்தும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாள்கள், ஒன்பதும் கூலியோடு. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியும் பதிலுக்குக் கூலியோடு வேறொரு நாள் விடுமுறையும். எங்கள் கடையில் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறோம். இந்த விடுமுறை நாள்களின் பட்டியலை ஆய்வாளருக்கு அனுப்பி, சுவரிலும் ஒட்ட வேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒட்டியிருக்கிறார்களா?

நாகலூரான்:
ஸ்டோர் சுவரில் மருந்துக் கம்பெனி காலண்டர்தான் தொங்குகிறது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள். ஆய்வாளர் தோட்டத்துக்குள் நுழையலாம், பதிவேட்டை வாங்கிப் பார்க்கலாம், தொழிலாளர்களை விசாரிக்கலாம், வழக்கும் தொடுக்கலாம். ஆனால் வழக்கில் விதிக்கும் அபராதம் கருவூலத்துக்குத்தான் போகும். அம்மா கைக்கு வராது. இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிலுவைக் கூலிக்குத் தனி மனு வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின் 45ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. தொழிலாளியோ, அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமோ, ஆய்வாளரோ மனுச் செய்யலாம். மூன்று ஆண்டு அவகாசம். எத்தனை பேரானாலும் ஒரே மனு போதும். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. ஆய்வாளரே மனுச் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தினசரி வருகைப் பதிவேட்டில், ஜனவரி 26க்கு என்ன எழுதியிருக்கிறது?

நாகலூரான்:
அங்கேதான் சிக்கல். சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது அம்மா பார்த்திருக்கிறார்: 26ஆம் தேதிக் கட்டம் காலி. அன்றைய எடையையும் 27இல் சேர்த்து எழுதிவிட்டார்கள். ஆனால் தராசடியில் கொடுத்த துண்டுச் சீட்டு அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலைக்கு நடுவே இருந்தது. 26ஆம் தேதி, 52 கிலோ, கணக்கப்பிள்ளையின் சுழித்த கையெழுத்து. ஒரு மூலையில் சுண்ணாம்புக் கறை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:
கறை இருந்தால் இருக்கட்டும், துடைக்காதீர்கள்! நகல் மட்டும் கொடுங்கள். அசலை விசாரணையில் காட்டினால் போதும். அந்தச் சீட்டையும் செக்ரோலையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கோருகிறேன் என்று எழுதி, மனுவுக்கு ஒப்புதல் முத்திரை வாங்காமல் நகராதீர்கள். மற்றவர்களிடம் சீட்டு இருக்கிறதா?

நாகலூரான்:
அன்று பறித்த பதினான்கு பேரில் ஒன்பது பேரிடம் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்குகிறோம்.