மறு: ப்ரேக்கிங் பேட் நியூஸுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

நோயாளிகிட்டயோ குடும்பத்துகிட்டயோ டாக்டர் மோசமான சேதியைச் சொல்ற முறைக்குத்தான் 'ப்ரேக்கிங் பேட் நியூஸ்'னு பேர். இதுக்கும் இதை ஒட்டின மருத்துவச் சொற்களுக்கும் தமிழ்ப் பட்டியல் போடுறோம்ல, அதுக்கு முன் மடல்ல ஒருத்தர் எழுதினது:

> 'துயர்ச்செய்தி அறிவித்தல்'னு வச்சுக்கலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனா தப்பாப் புரியும். துயர்ச்செய்தின்னாலே நம்ம ஆளுங்களுக்குச் சாவுதான், கூடவே அறிவித்தலும் சேர்ந்தா ரேடியோவுல மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி ஆயிடுது. டொரான்டோ புற்றுநோய் டாக்டர் ராபர்ட் பக்மன் இதுக்குக் கொடுத்த விளக்கம் அதைவிட அகலம்: தன்னோட எதிர்காலத்தைப் பத்தி ஒருத்தர் வச்சிருக்கிற நெனப்பை மோசமா புரட்டிப்போடுற எந்தச் சேதியும் இதுல சேரும். இருபது வயசுப் பையனுக்கு இனி ஆயுசுக்கும் இன்சுலின் போடணும்னு சொல்றது, ஸ்கேன் பாத்துட்டுக் குழந்தைக்குத் துடிப்பு இல்லம்மான்னு சொல்றது, எல்லாமே.

அதனால என் ஓட்டு 'கடுஞ்செய்தி உணர்த்தல்'. கடுஞ்சொல் மாதிரி திட்டுற வாடை வருதேன்னு கேப்பீங்க, ஆனா கடுங்குளிர், கடுங்காவல்னும் சொல்றோமே, தாங்கிக்கக் கஷ்டமானதுங்கிற அர்த்தம் அதுல இருக்கு.

உணர்த்தல் ஏன்னா, இப்படிச் சேதி சொல்றதுக்குன்னே டாக்டர்களுக்காக 2000-ல வந்த ஸ்பைக்ஸ்ங்கிற முறையில மொத்தம் ஆறு படி, அதுல விஷயத்தைச் சொல்றதே நாலாவதுதான். மொதல்ல தனியா ஒரு இடம் பாத்து உக்காரணும் (நம்ம ஓபி கூட்டத்துல இதுவே பெரும்பாடு), அப்புறம் அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு கேக்கணும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறார்னு கேக்கணும், அப்பத்தான் வாயத் தொறக்கணும். அடுத்தது அழுகையோ கோவமோ வந்தா குறுக்க பேசாம தாங்கிக்கிறது, கடைசி இனிமே என்ன செய்யப்போறோம்ங்கிற திட்டம். இத்தனையையும் 'அறிவித்தல்'ல எப்படி அடக்குறது?

மக்கள் வாயில ஏற்கெனவே ஒரு சொல் இருக்கு, "டாக்டர் கைய விரிச்சுட்டார்". ஆறாவது படி நடக்கலைன்னா வீட்டுக்குப் போய் அதைத்தான் சொல்வாங்க. குணமாக்க முடியாதுங்கிறதும் செய்ய ஒண்ணுமே இல்லைங்கிறதும் ஒண்ணில்ல, வலியைக் குறைக்கலாம், மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுக்கலாம். கைவிரிப்பை இப்படிச் செய்யாதேன்னு காட்டுற உதாரணமா பாடத்துல சேர்க்கணும்கிறது என் கட்சி.

அடுத்து வார்னிங் ஷாட், அதாவது சேதியைச் சொல்றதுக்கு முன்னாடி நோயாளியைத் தயார்படுத்துற ஒரு வரி. 'எச்சரிக்கை வெடி'ன்னு முன்னாடி மடல்ல பாத்தேன், வேண்டாங்க, பட்டாசு ஞாபகம்தான் வருது. நம்மகிட்ட கோடி காட்டுறதுன்னு அருமையா இருக்கே, 'கோடிகாட்டல்'னு வச்சுப்போம். "அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு, நாம நெனச்ச மாதிரி இல்ல" அப்படின்னுட்டு டாக்டர் கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும், அதான் கோடிகாட்டல். புதுசாப் படிக்கிற பசங்க அந்த இடைவெளியில பயந்துபோய் ஸ்டேஜு, செல் டைப்புன்னு கொட்டிடுவாங்க.

கொல்யூஷன்தான் சிக்கல், அதாவது ஒருத்தருக்குத் தெரியாம டாக்டரையும் சேத்துக்கிட்டு உண்மையை மறைக்கிறது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்"னு மகன் வராண்டாவுல மடக்குவான், உள்ள அப்பா "பையன்கிட்ட சொல்லாதீங்க சார், எனக்குத் தெரியும்"பார். 'சதி'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, அது அநியாயம், பாசத்துல செய்யறது. 'கூடி மறைத்தல்' போதும். இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நெனைக்காதீங்க, அமெரிக்காவுலயே 1961-ல கேட்டப்ப 90 சதவீதம் டாக்டர்கள் புற்றுநோயை நோயாளிகிட்ட சொல்லமாட்டோம்னாங்க, 1979-ல 97 சதவீதம் பேர் சொல்வோம்னு மாறிட்டாங்க.

2019 பேட்ச்ல இருந்து எம்பிபிஎஸ்ல ஏட்காம்னு தகவல்தொடர்பு, நெறிமுறை எல்லாம் பாடமாவே வந்தாச்சு. பாடம் இங்கிலீஷ்ல, பேசவேண்டியது தமிழ்ல, அதனாலதான் இந்தப் பட்டியலுக்கு இவ்வளவு மல்லுக்கட்டுறேன்.

நோயாளி மாதிரி நடிச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்களுக்கு 'பயிற்சி நோயாளி'ன்னு போட்டிருக்கேன், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. எம்பதிக்கு (அடுத்தவர் உணர்வை அவர் இடத்துல இருந்து புரிஞ்சுக்கிறது) மட்டும் இன்னும் ஒண்ணும் அமையல, 'பரிவு'ன்னா இரக்கத்தோட கலந்துடுது, 'ஒத்துணர்வு' ஏட்டுல நல்லா இருக்கு, வார்டுல யார் வாயிலயும் நுழையாது.