வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பட்டியல்: லிங்க் மட்டுமா, பாட்டையே அனுப்பலாமா?

பாம்பன் பாலத்தடி

நம்ம வெள்ளிக்கிழமை பிளேலிஸ்ட் பற்றி ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: வாரம் ஒருவர் முறை. சினிமாவுக்கு வெளியே வந்த தமிழ்ப் பாட்டாகப் பத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி, வெள்ளி மாலை லிங்க் போடுவார். சுமார் நாற்பது பேர் இருக்கிறோம். போன வாரம் ஒரு தம்பி அந்தப் பத்தையும் எம்பி3 ஆக இறக்கி வாட்ஸ்அப்பில் போட்டார். நான் அழித்துவிட்டேன். அன்றிலிருந்து தனிச்செய்தியில் ஆளாளுக்குத் திட்டுகிறீர்கள், அதனால் இங்கேயே பேசிவிடலாம்.

என் கருத்து: ஃபைல் கூடாது. இந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் தயாரிப்பாளர் இல்லை, ஆடியோ கம்பெனி இல்லை. பாடுகிறவரே கைக்காசு போட்டு ஸ்டுடியோ வாடகை கொடுத்திருப்பார். நாம் கேட்டோம் என்று அவருக்குத் தெரிய ஒரே அடையாளம், லிங்க்கில் போய்க் கேட்டால் ஏறுகிற அந்த எண்ணிக்கைதான். அதையும் நாமே இல்லாமல் செய்துவிட்டு "புதிய இசையை ஆதரிக்கிறோம்" என்று சொல்லிக்கொள்வது எப்படி?

தங்கச்சிமடத்தான்

அந்தத் தம்பி நான்தான். திரும்பவும் போடுவேன்.

அண்ணே, நீங்கள் கரையில் இருந்துகொண்டு பேசுகிறீர்கள். விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலைதான் திரும்பும். கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். அதற்குமேல் போனில் எதாவது கோடு தெரிந்தால் அது இலங்கை நெட்வொர்க். அதில் ஒரு பாட்டை ஓடவிட்டால் ரோமிங் என்று படகு முதலாளி சம்மாட்டி கொடுக்கிற பங்கையே பிடுங்கிக்கொள்வான். வலையை விட்டுவிட்டு ராத்திரி முழிப்பாக இருக்கிற நேரம்தான் நாங்கள் பாட்டு கேட்கிற நேரம். அங்கே உங்கள் லிங்க்கை அழுத்தினால் வட்டம் சுற்றும்.

இந்தக் குழுவில் பத்துப் பேராவது கடலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பட்டியல் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்கால 61 நாளுக்கு மட்டும்தான் என்றால் அப்படியே விதியில் எழுதிவிடுங்கள்.

மண்டபம் டீச்சர்

காசு கட்டினால் ஸ்பாட்டிஃபை என்கிற பாட்டுச் செயலியில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் கேட்கலாமே தம்பி. 30 நாளுக்கு ஒரு தடவை இணையத்துக்கு வந்தால் போதும். நீங்கள் மறுநாளே கரைக்கு வந்துவிடுகிறீர்கள்.

தங்கச்சிமடத்தான்

டீச்சர், மாதாமாதம் கட்டச் சொல்கிறீர்கள். கடலுக்குப் போகாத மாதத்தில் யார் கட்டுவது? நிறுத்தினால் இறக்கி வைத்ததும் போச்சு. மெமரி கார்டில் இருப்பது யாரையும் கேட்காது.

கீழக்கரை காக்கா

எனக்கு இந்தச் சண்டையே வேடிக்கையாக இருக்கிறது. கேசட் காலத்தில் நாம் என்ன செய்தோம்? ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் கடைக்காரர் கணக்குப் போடுவார். அரபு நாட்டிலிருந்து வருகிறவர் பெட்டியில் டேப் ரெக்கார்டர் இருக்கும். ஒரு கேசட் தெரு முழுக்கச் சுற்றும். பிளேலிஸ்ட் என்று இன்று நீங்கள் சொல்வதை நாங்கள் அந்தத் தாளில் எழுதிக் கொடுத்தோம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. சினிமாவுக்கு வெளியே பாட்டு என்பது என்னமோ யூடியூப் வந்த பிறகு முளைத்தது போல ஒவ்வொரு வாரமும் எழுதுகிறீர்கள். நாகூர் ஹனிபா 1925இல் பிறந்தது இதே ராமநாதபுரத்தில். சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம். இசைத்தட்டு, கேசட், மேடைக் கச்சேரி என்று வெளியிலேயே வாழ்ந்தவர். அந்தப் பக்கம் இலங்கை வானொலியில் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் என்று பொப் பாடகர்கள். இலங்கையின் பைலா ஆட்டத் தாளத்தில் தமிழ்ப் பாட்டு, படமும் கிடையாது நடிகரும் கிடையாது. மெட்ராஸில் இருந்தவர்களைவிட இந்தக் கரையில் அது தெளிவாக எடுத்தது. உங்கள் பட்டியலில் இதுவரை ஒன்றாவது வந்திருக்கிறதா?

பாம்பன் பாலத்தடி

காக்கா, பழைய பாட்டுக்கும் ஒரு வாரம் ஒதுக்கலாம், நீங்களே எடுத்துப் போடுங்கள், சந்தோஷம். ஆனால் கேசட் கதையை இதற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். அந்த ரெக்கார்டிங் கடையில் காசு வாங்கியது கடைக்காரர். பாடினவருக்கு ஒரு பைசா போகவில்லை. நடந்தது என்பதற்காக அது சரியாகிவிடுமா?

கீழக்கரை காக்கா

பைசா போகவில்லை, சரி. ஆனால் ஹனிபாவின் பாட்டு இன்னும் ஒலிக்கிறதா இல்லையா? கேசட் சுற்றாமல் இருந்திருந்தால் தர்கா கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் அவரை யார் தேடிப் போய்க் கூப்பிட்டிருப்பார்கள்? கச்சேரிக்குக் கூட்டம் வந்தது கேசட்டால்தான்.

ஏர்வாடி எதிர்வாதி

இரண்டு தரப்பும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். வாரத்துக்குப் பத்துப் பாட்டு, வருஷத்துக்கு 520. இதில் எத்தனையை இரண்டாவது தடவை கேட்டீர்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பட்டியல் வருகிறது, "செம", "அருமை" என்று நாலு பேர் கைதட்டுகிறார்கள், ஞாயிறுக்குள் மறந்தாகிவிட்டது. கேட்காத பாட்டுக்கு லிங்க் என்ன, ஃபைல் என்ன? மூன்று பாட்டு போடுங்கள் போதும்.

கூடவே, சினிமாப் பாட்டுக்குத் தடை என்கிற விதியும் எனக்குப் பிடிக்கவில்லை. சினிமாப் பாட்டு கேட்கிறவன் மட்டமா?

மண்டபம் டீச்சர்

மட்டம் என்று யார் சொன்னது? சினிமாப் பாட்டு நாம் தேடாமலேயே வருகிறது. டீக்கடை, பஸ், கோயில் திருவிழா, எல்லா இடத்திலும். தேடிப் போக வேண்டியதற்குத்தானே பட்டியல்.

"அதற்குத்தான் ஸ்பாட்டிஃபையே திங்கள்தோறும் முப்பது பாட்டு தருகிறதே" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். 2015இல் தொடங்கியது அது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். என்னைப் போல ரசனை உள்ள மற்றவர்கள் எந்தெந்தப் பாட்டுகளைச் சேர்த்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் ஊகிக்கிறது. யாருமே கேட்காத பாட்டு அந்தக் கணக்குக்குள் வருவதே கஷ்டம். ஒருவர் முதலில் கேட்டு, பட்டியலில் வைத்தால்தான் அந்தப் பாட்டு அதன் கண்ணில் படும். நம்ம நாற்பது பேர் பட்டியல் அந்த முதல் வேலையைச் செய்கிறது.

அதனால்தான் நான் லிங்க் பக்கம். வாட்ஸ்அப் ஃபைலை ஆயிரம் பேர் கேட்டாலும் அந்தக் கணக்கில் ஏறாது. பத்தா மூன்றா என்பதில் ஏர்வாடி சொல்வது சரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியம். அது இல்லாத பாட்டை நான் திறப்பதே இல்லை.

தொண்டிக்காரன்

ஊர் தொண்டி, இருப்பது சென்னை. சொந்தமாக நாலைந்து பாட்டு வெளியிட்டவன் என்கிற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் பணக்கணக்கு. 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பங்கு. 30 வினாடியாவது ஓடினால்தான் ஒரு தடவை என்று எண்ணும். நாற்பது பேரும் அங்கேயே ஆளுக்கு ஒரு தடவை கேட்டீர்கள் என்றால் 40. மிச்சம் 960. அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் கிடைப்பது பூஜ்யம். என் பாட்டுகளில் பாதி அப்படித்தான் கிடக்கிறது. பாட்டை ஏற்றிவிடுகிற இடைநிலை நிறுவனத்துக்கு நான் வருஷாவருஷம் கட்டுவது மட்டும் தவறுவதில்லை.

தங்கச்சிமடத்தான்

பார்த்தீர்களா! லிங்க் போட்டாலும் பூஜ்யம், ஃபைல் போட்டாலும் பூஜ்யம். அப்புறம் என்னை மட்டும் திருடன் மாதிரி ஏன் பார்க்கிறீர்கள்?

ராம்நாடு ராத்திரி

இதற்குப் போய் இவ்வளவு வாதமா? ராத்திரி தூங்கும்போது சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து அந்தப் பட்டியலை ஓடவிட்டு விடுங்கள். நாற்பது போன், ஒரு வாரத்தில் ஆயிரம் தாண்டிவிடும். 😄

தொண்டிக்காரன்

தயவுசெய்து வேண்டாம்! செயற்கையாக ஏற்றிய எண்ணிக்கை என்று தெரிந்தால் அதைக் கழித்துவிடுவார்கள். ரொம்ப அப்பட்டமாக இருந்தால் பாட்டை ஏற்றின நிறுவனத்துக்கு அபராதம். அந்த நிறுவனம் என் தலையில்தான் கட்டும், பாட்டையே தூக்கினாலும் தூக்கிவிடும். நல்லது செய்கிறேன் என்று காலி செய்துவிடாதீர்கள்.

தங்கச்சிமடம் தம்பிக்கு: பணம் பூஜ்யம்தான், மற்றதெல்லாம் பூஜ்யம் இல்லை. எந்தெந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எங்களுக்குக் காட்டும். ராமநாதபுரம் என்று அதில் ஒரு வரி தெரிந்தால், மதுரைக்குக் கச்சேரிக்கு வரும்போது அங்கேயும் ஒரு எட்டு போகலாமா என்று யோசிப்போம். டீச்சர் சொன்னதும் சரி, பட்டியலில் சேர்ப்பதும் சேமித்து வைப்பதும்தான் ஒரு பாட்டை அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகிறது.

ஆனால் பாலத்தடி அண்ணனோடும் நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. எங்கள் எல்லாருக்காகவும் நீங்களாகவே முடிவு செய்கிறீர்கள். என் பாட்டு படகில் கேட்கும் என்றால் நானே எம்பி3 அனுப்புவேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம் இருக்கிறது, 2008லிருந்து. அங்கே பாட்டைக் காசு கொடுத்து வாங்கி ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம், தளம் எடுப்பது 15 சதவீதம். 2020இல் தொடங்கிய ஒரு பழக்கம், குறிப்பிட்ட சில மாதங்களின் முதல் வெள்ளியில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். நிறையப் பேர் அங்கே விலையைப் பூஜ்யத்திலிருந்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஃபைல் எடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

பாம்பன் பாலத்தடி

வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட அட்டை நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? தமிழில் பாடுகிற எல்லாரும் அங்கே இருக்கிறார்களா? இல்லை. அங்கே வாங்கினாலும் அது ஒருவருக்கு வாங்கியது. நாற்பது பேருக்கு அனுப்ப அது உரிமை தராது.

தொண்டிக்காரன்

இல்லைதான். அதனால்தான் கேளுங்கள் என்கிறேன். பெரும்பாலானவர் இன்ஸ்டாகிராமில் தாங்களே பதில் போடுகிறவர்கள். இரண்டு வரி செய்தி போதும்: "ராமேஸ்வரம் பக்கம் படகில் போகிறவர்கள் கேட்க வேண்டும், சிக்னல் இல்லை, ஃபைல் தருவீர்களா?" நானாக இருந்தால் அந்தச் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊருக்கே காட்டுவேன்.

ஏர்வாடி எதிர்வாதி

பத்துப் பேருக்கு வாராவாரம் கடிதம் எழுத யாருக்கு நேரம்? இதற்காகவாவது மூன்றாகக் குறையுங்கள்.

கீழக்கரை காக்கா

நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. பாம்பனில் கடல் ஓசை இருக்கிறதே, 2016லிருந்து மீனவருக்காகவே நடக்கிற சமுதாய வானொலி, 90.4. அனுமதி கிடைத்த பாட்டை அங்கேயும் கொடுத்துப் பாருங்கள். கடலில் ரொம்பத் தூரம் எட்டாது, ஆனால் கரையில் வலை பின்னுகிறவர்கள் காதில் விழும். அவர்களிடம் லிங்க்கும் கிடையாது, ஃபைலும் கிடையாது.

மண்டபம் டீச்சர்

பதில் வராவிட்டால்? அதைச் சொல்லுங்கள். பத்துப் பேரில் நாலு பேர் செய்தியைப் பார்க்கவே மாட்டார்கள்.

பாம்பன் பாலத்தடி

பதில் வராவிட்டால் லிங்க் மட்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

தங்கச்சிமடத்தான்

பதில் வராவிட்டால் ஃபைல் என்பதுதான் என் கட்சி. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே அழித்துவிடுகிறேன்.

தொண்டிக்காரன்

தம்பி, அதில் நான் அண்ணன் பக்கம். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது.

தங்கச்சிமடத்தான்

சரி. இந்த வாரம் என் முறை. டீச்சருக்காக இரண்டு வரி உண்டு, ஏர்வாடிக்காக ஐந்தே பாட்டு. ஐந்து பேருக்கும் நேற்றே எழுதிவிட்டேன். இரண்டு பேர் ஃபைலே அனுப்பிவிட்டார்கள். ஒருவர், படகில் பாட்டு ஓடும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பினால் தருகிறேன் என்கிறார். மிச்சம் இரண்டுக்கும் பதில் இல்லை, லிங்க் மட்டும் போடுகிறேன், மனசில்லாமல்.

ஒரு வேண்டுகோள், இனி பட்டியல் போடுகிற எல்லாருக்கும். மெல்லிசாகக் கிதார் தட்டி முணுமுணுக்கிற பாட்டு எஞ்சின் சத்தத்தில் ஒன்றுமே கேட்பதில்லை. போன மாதம் ஒன்று போட்டீர்கள், பாட்டு முடிந்ததா ஆரம்பித்ததா என்றே தெரியவில்லை. பறை, தவில், உடுக்கை, எதாவது அடி இருக்கிற மாதிரி பாருங்கள். தொண்டி அண்ணே, உங்களுடையதில் அப்படி ஒன்று இருந்தால் சனிக்கிழமை காலைக்குள் அனுப்புங்கள்.

தொண்டிக்காரன்

இருக்கிறது. ஆனால் மூன்றாவது நிமிஷம்தான் பறை வரும், அதுவரை முணுமுணுப்புதான்.

ஏர்வாடி எதிர்வாதி

அப்படியென்றால் மூன்றாவது நிமிஷத்திலிருந்து வெட்டி அனுப்புங்கள்.

தொண்டிக்காரன்

அதற்கு மட்டும் அனுமதி கிடையாது.